அக்ராவா, டக்காரா? மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு செமஸ்டர்

மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஒரு செமஸ்டர் படிக்கலாம் என்று தேட ஆரம்பித்தால் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இரண்டு ஊர்கள்: கானாவின் அக்ரா, செனகலின் டக்கார். இரண்டுமே தலைநகரம், இரண்டுமே அட்லாண்டிக் கரை, இரண்டிலும் பழைய, பெரிய பல்கலைக்கழகம். ஆனால் மாணவருக்குக் கிடைக்கும் அனுபவம் வேறு வேறு. அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி மொழியில் இருக்கிறது.

அக்ராவின் லெகோன் குன்றில் இருக்கும் கானா பல்கலைக்கழகம் 1948இல் தொடங்கியது. பாடம், தேர்வு, அலுவலகம் எல்லாம் ஆங்கிலம். நம் ஊர்க் கல்லூரியிலிருந்து போகிறவருக்கு முதல் வாரமே வகுப்பு புரியும். கிரெடிட் மாற்றுவதிலும் தலைவலி குறைவு. டக்காரின் ஷேக் அந்தா தியோப் பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கியது; இன்றைய பெயர் வந்தது 1987இல். அங்கே பாடம் பிரெஞ்சில், தெருப் பேச்சு உள்ளூர் மொழியான வோலோஃபில். பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகப் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு அங்கே நிரம்பி வழியும் வகுப்பில் உட்கார்ந்தால் பாதிகூடப் பிடிபடாது. வெளிநாட்டு மாணவர்களுக்கென்று தனி மையத்தில் வகுப்பு நடத்தும் ஏற்பாடுகளும் உண்டு. அதில் சேர்ந்தால் பாடம் புரியும், ஆனால் உள்ளூர் மாணவர்களோடு பழகும் வாய்ப்பு குறையும்.

அப்படியென்றால் அக்ராதானே என்று சட்டென்று முடிவெடுத்துவிட வேண்டாம். அங்கே ஆங்கிலமே போதும் என்பதால் உள்ளூர் மொழிகளான ட்வியையோ காவையோ தொடாமலே செமஸ்டரை முடித்துவிட முடியும். விடுதி, கேன்டீன், நூலகம், வார இறுதியில் நகரின் ஓசு பகுதிப் பக்கம் ஒரு சுற்று. கூடவே சுற்றுகிறவர்களும் வெளிநாட்டு மாணவர்களாகவே இருந்துவிடுவார்கள். டக்காரில் அந்த வசதி கிடையாது. பரிமாற்ற மாணவர்களை அங்கே பெரும்பாலும் ஒரு குடும்பத்தோடு தங்க வைக்கிறார்கள். மதியம் எல்லோரும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அப்புறம் மணிக்கணக்கில் அத்தாயா டீ ஓடும். பேசாமல் தப்பிக்க வழியே இல்லை. மொழி கற்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் என் ஓட்டு டக்காருக்கு. இரண்டு வருடமாவது ஒழுங்காகப் பிரெஞ்சு படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தங்குவது பற்றி ஒரு எச்சரிக்கை. அக்ராவில் வெளியே வீடு எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஆறு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 1963இலிருந்தே சட்டம் இருக்கிறது. நடைமுறையில் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று கேட்பார்கள். நான்கு மாதத்துக்குப் போகிறவருக்குப் பல்கலைக்கழக விடுதிதான் சரி. செலவைக் கணக்குப் போடுவதில் டக்கார் நிம்மதி: அங்கு புழங்கும் சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பு ஒரு யூரோவுக்கு 655.957 என்று கட்டிவைக்கப்பட்டது. கானாவின் நாணயமான சீடி அப்படியில்லை. 2022 டிசம்பரில் அங்கே பணவீக்கம் 54 சதவீதத்தைத் தாண்டியது. அதனால் பழைய செலவுப் பட்டியல்களை நம்ப வேண்டாம்.

சாப்பாட்டில் சைவர்களுக்கு அக்ராவே மேல். தட்டைப்பயறு சேர்த்த வாச்சே சோறு, பயறும் பொரித்த வாழைக்காயும் சேர்ந்த ரெட்ரெட் இரண்டும் தெருவிலேயே கிடைக்கும். குழம்பில் கருவாட்டுத்தூள் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். டக்காரின் பெருமை செபுஜென்: நொய்யரிசியில் மீனும் காய்கறியும் போட்டுச் சமைப்பது, 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. மீன் சாப்பிடுகிறவருக்குக் கொண்டாட்டம், சாப்பிடாதவருக்குத் தினமும் விளக்கம் சொல்லும் வேலை.

வெயில், புழுக்கம் விஷயத்தில் அக்ரா சென்னைக்காரருக்குப் பழகியதுதான். டக்காரில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடற்காற்று இதமாக இருக்கும். போக்குவரத்துக்கு அக்ராவில் ட்ரோட்ரோ, டக்காரில் கார் ராபிட் என்கிற சிறு பேருந்துகள். இரண்டிலும் நெரிசல் ஒன்றுதான்.

வேலைநிறுத்தம், கலவரம் பற்றியும் யோசிக்க வேண்டும். கானாவில் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2022 தொடக்கத்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள். டக்காரில் நடந்தது இன்னும் பெரிது: 2023 ஜூன் கலவரத்தில் வளாகம் எரிந்து, மாணவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பல மாதம் நேரடி வகுப்பே இல்லை. கிளம்பும் முன், வகுப்பு நின்றால் கிரெடிட் என்னாகும் என்று உங்கள் கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மூன்றாவதாக ஒரு ஊரும் இருக்கிறது, யாரும் அதிகம் சொல்வதில்லை. அக்ராவுக்கு மேற்கே சுமார் 145 கிலோமீட்டரில் கேப் கோஸ்ட். 1962இல் தொடங்கிய பல்கலைக்கழகம், ஆங்கிலப் பாடம், சின்ன ஊர். அடிமை வணிகம் நடந்த கோட்டை ஊருக்குள்ளேயே நிற்கிறது. போர்த்துகீசியர் 1482இல் கட்டத் தொடங்கிய எல்மினா கோட்டையும் பக்கத்தில்தான். வரலாறு படிக்கிறவர் என்றால் தலைநகரங்களை விட்டுவிட்டு இங்கேயே போகலாம்.

தமிழ், மொழியியல் மாணவர்களுக்கு டக்காரில் ஒரு தனி ஈர்ப்பு உண்டு. செனகலின் முதல் ஜனாதிபதி செங்கோர், கவிஞரும்கூட, 1974இல் சென்னைக்கு வந்து நெக்ரிட்யூட் என்கிற கறுப்பினப் பெருமிதச் சிந்தனையையும் திராவிடப் பண்பாட்டையும் சேர்த்துப் பேசினார். அந்தக் காலத்தில் டக்கார் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க மொழிகளையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஆய்வும் நடந்தது. அந்த மொழிகளுக்குள் உறவு உண்டு என்பதை மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை என்பது வேறு விஷயம்.

எந்த ஊரானாலும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். கானாவுக்குள் நுழையவே சான்றிதழ் கேட்பார்கள். இரண்டு நாடுகளிலிருந்து திரும்பும்போதும் இந்திய விமான நிலையத்தில் அதைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். டிக்கெட் தேதியை அதற்கேற்ப வையுங்கள்.