செசபீக் விரிகுடாவில் பாய்மரப் படகா, டிராலர் படகா?

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்துகிடக்கும் செசபீக் விரிகுடாவில் வாரக்கணக்கில் படகிலேயே தங்கிச் சுற்ற விரும்புவோர், பாய்மரப் படகையும் டீசல் இயந்திரத்தில் நிதானமாகச் செல்லும் டிராலர் வகைப் படகையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

முதல் கேள்வி ஆழம். விரிகுடாவின் சராசரி ஆழம் சுமார் 6.5 மீட்டர்தான், நங்கூரமிட அழகான ஓடைகளின் வாயிலில் அது இன்னும் வெகுவாகக் குறைந்துவிடும். பாய்மரப் படகின் அடியில் நீட்டிநிற்கும் தகடான கீல் நீருக்குள் 2 மீட்டர் இறங்கினால், டிராலர் தயக்கமின்றி நுழையும் பல ஓடைகளை அது வெளியிலிருந்தே பார்த்துத் திரும்ப நேரிடும். அடியில் பெரும்பாலும் சேறு என்பதால், தரைதட்டினால் படகைவிட மாலுமியின் மானத்துக்கே சேதம் அதிகம்.

காற்று விஷயத்தில் பருவமே தீர்ப்புச் சொல்கிறது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பாய் விரித்துச் செல்லும் அமைதிக்கு இணையில்லை. ஆனால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காற்று பல நாட்கள் அடங்கிப்போவதால், பாய்மரப் படகும் இயந்திரத்தையே நம்புகிறது. பிற்பகல் இடிமழை திடீரென வரும்போது டிராலரின் மூடிய சுக்கான் அறை பெரும் ஆறுதல்.

எரிபொருளைப் பொறுத்தவரை பாய்மரப் படகுக்கே சிக்கனம். நண்டு பிடிக்க நீரில் இறக்கிய கூடுகளின் மிதவைக் கயிறுகள் சுழலும் புரொப்பெல்லரில் சிக்கும் தொல்லையும் பாயில் செல்கையில் குறைவு. கோடையில் மட்டுமே விடுப்புக் கிடைப்பவருக்கு நான் டிராலரையே பரிந்துரைப்பேன். அக்டோபரில் வரக்கூடியவர் 1.5 மீட்டருக்குள் அடங்கும் கீலுள்ள பாய்மரப் படகைத் தேடலாம்.