விருந்தினர் பேச்சு: கொழும்பில் இருந்து அழைப்பதா, ஊரிலேயே பிடிப்பதா?

யாழ்ப்பாணத்துக் கந்தோர் ஒன்றில் விருந்தினர் பேச்சு என்றதும் முதலில் எழும் கேள்வி இதுதான்.

கொழும்பு ஆள் என்றால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணம், தங்குமிடம், கட்டணம் எல்லாம் சேரும். தன்முன்னேற்றம் பேச அவர்கள் கெட்டிக்காரர், கைதட்டல் நிச்சயம். ஸ்லைட்தான் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பின்வரிசைப் பொடியள் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணிக்கு எழும்பிவிடுவார்கள்.

படைப்பாற்றலுக்கு நான் ஊர் ஆளையே சொல்வேன். பனையோலை இழைக்கும் ஒரு அக்கா மேசையில் ஓலையைப் பரப்பி, பழைய பெட்டிப் பின்னல் எப்படி மடிக்கணினிப் பையாகிறது என்று இழைத்துக் காட்டட்டும். கேள்விகள் தானாக வரும்.

எல்லோரையும் உள்வாங்கும் வேலைத்தலம் பற்றியென்றால் இருவரும் வேண்டும். அரச வேலை வெற்றிடங்களில் 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்ற 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, அவர்களின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஆகியவற்றை விவரம் தெரிந்த ஒருவர் கொழும்பில் இருந்தபடியே சூமில் அரை மணித்தியாலத்தில் விளக்கிவிடலாம். ஆனால் சக்கர நாற்காலியில் வரும் நம்மூர்க்காரர் வாசற்படியில் நின்று, "அண்ணை, இதில எப்பிடி ஏறுறது?" என்று கேட்டால் முகாமையாளர் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும்.

அப்புறம், ஊர் ஆள்தானே என்று பொன்னாடையோடு அனுப்பிவிடாதீர்கள். அவருக்கும் கட்டணம் உண்டு.