கடற்பாசி கிரீமா? பச்சை நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

இரண்டு மாதத்துக்கு முன்னால் இணையத்தில் ஒரு முகக் கிரீம் வாங்கினேன். ‘ஸ்பைருலினாவும் கடற்பாசியும் நிறைந்தது, முழுக்க இயற்கை’ என்று விளம்பரம். ஸ்பைருலினா என்பது ஒரு வகை நீலப்பச்சைப் பாசி. டப்பாவைத் திறந்தால் பளீரென்று பச்சை. அந்த நிறத்தைப் பார்த்தே நம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் கன்னம் எரிந்தது. விற்றவரிடம் கேட்டால், “பாசி உள்ளே இருக்கிற அழுக்கை வெளியே தள்ளுது மேடம், எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்றார். அதையும் நம்பி இன்னும் நான்கு நாள் தடவினேன். முகமெல்லாம் சிவந்து, பொரிப்பொரியாகக் கிளம்பி, தோல் மருத்துவரிடம் ஓட வேண்டியதாயிற்று. யாராவது உங்களிடம் இப்படிச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். எரிந்தால் உடனே கழுவிவிட்டு நிறுத்துங்கள்.

மருத்துவர் முதலில் டப்பாவைத்தான் கேட்டார். பின்பக்கப் பட்டியலில் தண்ணீர், கிளிசரின், மினரல் ஆயில், அப்புறம் வாசனைப் பொருள், கிரீம் கெடாமலிருக்கச் சேர்க்கும் பீனாக்ஸிஎத்தனால். அதற்கும் கீழேதான் ஸ்பைருலினா சாறு. எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும். 1 சதவீதத்துக்குக் குறைவானவற்றை மட்டும் முன்பின்னாகப் போடலாம். ஐரோப்பிய விதிப்படி பீனாக்ஸிஎத்தனாலே 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அப்படியென்றால் அதற்கும் கீழே இருக்கும் பாசி எவ்வளவு இருக்கும்? சாறு என்பதும் பெரும்பாலும் தண்ணீரிலோ கிளிசரினிலோ பாசியை ஊறவைத்து எடுப்பதுதான்.

சரி, அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? பட்டியலின் கடைசியில் சி.ஐ. 19140, சி.ஐ. 42090 என்று இரண்டு எண்கள். முதலாவது டார்ட்ரசின் என்ற மஞ்சள் சாயம், இரண்டாவது ஒரு நீலச் சாயம். இரண்டும் சேர்ந்தால் பச்சை. ஸ்பைருலினாவில் உள்ள பைகோசயனின் என்ற நீல நிறமி வெயிலிலும் சூட்டிலும் வெளுத்துப்போகும். நான் கொஞ்சம் கிரீமை வெள்ளைத் தட்டில் வைத்து ஒரு வாரம் ஜன்னலோரம் வெயிலில் விட்டேன். துளிகூட நிறம் மாறவில்லை.

இதையெல்லாம் எழுதி விற்றவரிடம் மறுபடி கேட்டதற்கு, “இதிலே கேரஜீனன் இருக்கே, அதுவும் கடற்பாசிதானே” என்று பதில். சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பதுதான், உண்மை. ஆனால் அது கிரீம் கெட்டியாக இருக்கச் சேர்ப்பது. அதைக் காட்டி ‘கடற்பாசி நிறைந்தது’ என்று விற்பது ஏமாற்று இல்லாமல் வேறென்ன? டப்பா திறந்துவிட்டதால் பணமும் திரும்ப வராதாம்.

பாசியைக் குறை சொல்லவில்லை. வாசனைப் பொருள்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவர் சந்தேகப்படுகிறார். எந்தப் புதுக் கிரீமானாலும் முழங்கையின் உட்புறம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள் என்றார். ‘இயற்கை’ என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான்.

டப்பாவையும் அந்தக் குறுஞ்செய்திகளையும் படமெடுத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். எரிச்சல் நின்றுவிட்டது. கன்னத்தில் கருமை மட்டும் இன்னும் போகவில்லை.