பழைய வினாத்தாளா, நாளிதழா?

வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் ஆங்கிலமும் இதழியலும் பயிலும் மாணவர்கள், தேர்வுக்குப் பழைய வினாத்தாள்களை நம்புவதா, நாளிதழ் வாசிப்பை நம்புவதா என்று தடுமாறுகின்றனர். தி இந்து 1878-இல் தொடங்கப்பட்டது, பேச்சுரிமை அரசமைப்பின் 19(1)(அ) பிரிவில் உள்ளது என்பன போன்ற விவரங்களுக்கு வினாத்தாள் பயிற்சியே போதும்.

ஆனால், காசிமேட்டு மீன் ஏலம் தாமதமானதைச் செய்தியாக்கச் சொன்னால், முக்கியமானதை முதல் பத்தியிலேயே வைக்கும் தலைகீழ்ப் பிரமிடு முறையை மனப்பாடம் செய்தவர் அதை விளக்குவாரே தவிர, அம்முறையில் எழுத மாட்டார். ஆங்கில நாளிதழில் ஒரு செய்தியை நாள்தோறும் வாசித்து, தாளை மூடிவைத்துவிட்டுச் சொந்த வாக்கியங்களில் சுருக்கி எழுதுபவருக்கோ, கையேடுகள் தனித்தனிப் பாடமாகப் பிரித்து வைத்திருக்கும் செயப்பாட்டுவினையும் அயற்கூற்றும் சேர்ந்தே கைவருகின்றன.

ஆகவே பருவத் தொடக்கத்திலேயே நாளிதழை எடுப்பதுதான் சரி. வினாத்தாள்களுக்குக் கடைசி இரு வாரங்கள் போதும், மெதுவாக எழுதுபவர்கள் மட்டும் சற்று முன்னதாகத் தொடங்கலாம்.