பழைய போர்டோ வைன் பாட்டிலுக்கு டுராண்ட் ஓப்பனர், காசுக்கு ஒர்த்தான பொருள்தான்

நண்பரோட 25வது கல்யாண நாள் விருந்துக்கு அவங்க கல்யாணம் ஆன 2000ஆம் வருஷத்து வைன்தான் வேணும்னு தேடிப் பிடிச்சது லியோவில் பார்ட்டன். பிரான்ஸ்ல போர்டோ பக்கம் செயின்ட் ஜூலியன் ஊரு, 1855ல போட்ட போர்டோ வைன் தரவரிசையில ரெண்டாம் வரிசை, பெரும்பாலும் கேபர்னே சாவினான் திராட்சை. இப்படிப்பட்ட பழைய பாட்டிலோட கார்க்க எடுக்கத்தான் டுராண்ட் ஓப்பனர் வாங்கினேன்.

20 வருஷம் தாண்டுன கார்க் எப்ப உடையும்னே சொல்ல முடியாது. வைன் பட்ட அடிப்பக்கம் ஊறி மெத்துனு இருக்கும், மேல் பக்கம் காஞ்சு கெடக்கும், சாதா ஸ்க்ரூ நடுவுல மட்டும் பிடிச்சு இழுக்குறதால பாதி கையோட வந்து பாதி கழுத்துலயே நின்னுக்கும், இல்லன்னா பொடிப்பொடியா உள்ள கொட்டும். ரெண்டு தகடு வச்ச ஆ-சோ ஓப்பனர் பக்கவாட்டுல பிடிக்கும், ஆனா கார்க் லூசா இருந்தா அதுவே உள்ள தள்ளிடும். டுராண்ட்ல இந்த ரெண்டும் ஒண்ணா இருக்கு. மொதல்ல ஸ்க்ரூவ நேரா நடுவுல இறக்கணும், அதோட குறுக்குக் கட்டை பாட்டில் வாய்ல உக்கார்ற வரைக்கும். அப்புறம் தகடு ரெண்டையும் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவுல விட்டு, நீளமான தகடு மொதல்ல, இப்படியும் அப்படியும் மெதுவா ஆட்டி ஆட்டி இறக்கி, ரெண்டு கைப்பிடியையும் சேத்துப் பிடிச்சு திருகிக்கிட்டே மேல தூக்கணும். அவசரமே கூடாது. எனக்கு கார்க் முழுசா வந்துச்சு, அடிப்பக்கம் கருஞ்சிவப்பா ஊறிப்போய், ஆனா ஒரு துணுக்கு கூட உள்ள விழல, அப்ப வந்த சந்தோஷம் இருக்கே!

அடுத்தது வடிக்கிறது, அதாவது மண்டி இல்லாம வைன வேற குடுவைக்கு மாத்துறது. வயசான சிவப்பு வைன்ல டானினும் (துவர்ப்பு தர்ற பொருள்) நிறமும் ஒண்ணோடொண்ணு சேந்து மண்டியா கீழ இறங்கிடும், வாய்ல பட்டா கசப்பும் மணல் மாதிரி நரநரப்பும்தான். அதனால முந்தின நாளே பாட்டில நிக்க வச்சிடணும். திறந்ததும் வாயை ஈரத்துணியால தொடச்சிட்டு, கழுத்துக்கு கீழ போன் டார்ச்ச எரியவிட்டு, ஒரே சீரா ஊத்திக்கிட்டே இருக்கணும், நடுவுல நிமிர்த்தினா மண்டி கலங்கிடும். போர்டோ பாட்டிலுக்கு தோள் இருக்கிறதே இங்க பெரிய உதவி, மண்டி அங்க வந்து தேங்கும், கழுத்துக்குள்ள கருப்பா ஒரு இழை எட்டிப் பார்த்ததும் நிறுத்திடணும். அடியில கொஞ்சம் வீணாப் போகுதேனு பாக்காதீங்க.

அகலமான டிகேன்டர் (வடிக்கிற குடுவை) வேணாம்ங்க. எளசான வைனுக்குத்தான் அவ்வளவு காத்து வேணும், வயசானதுக்கு மணமே சீக்கிரம் போயிடும், அதனால சாப்பாடு பரிமாறப் போறப்ப வடிச்சா போதும். கிளாஸ்ல பாத்தா வைன் ஓரத்துல லேசா செங்கல் நிறம், தேவதாரு மரம், புகையிலை வாசனை, பின்னாடி கருப்புப் பழம். ஆட்டுக்கால் ரோஸ்டோட வச்சப்ப நண்பரோட மனைவி கிளாஸ கீழ வைக்கவே இல்ல.

விலை 100 டாலருக்கு மேல போகும். எளசான வைன் மட்டும் குடிக்கிறவங்களுக்கு இது தேவையே இல்ல, சாதா வெயிட்டர் ஸ்க்ரூ போதும். வீட்ல பழைய பாட்டில் நாலஞ்சு சேத்து வச்சிருக்கீங்கன்னா யோசிக்காம வாங்கிடுங்க.