பூனை இருக்கும் வீட்டில் கரப்பானுக்கு ஸ்பிரேயா, ஜெல்லா?

வேகம்: ஸ்பிரே அடித்த சில நிமிடத்தில் கரப்பான் மல்லாந்துவிடும். ஜெல் என்பது கரப்பான் தின்னும் விஷ இரை, அதற்குச் சில நாள் பொறுக்க வேண்டும், ஆனால் சுவரிடுக்கில் இருக்கும் கூட்டத்தையும் அது கொல்லும்.

செலவு: ஜெல் சிரிஞ்ச் கொஞ்சம் விலைதான், ஆனால் பொட்டுப் பொட்டாக வைப்பதால் ரொம்ப நாள் வரும்.

பிராணிகள்: இங்கேதான் விஷயமே. ஸ்பிரேக்களில் பெரும்பாலும் சைபர்மெத்ரின் மாதிரி பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி மருந்துதான். நாய் ஓரளவு தாங்கும், பூனையின் கல்லீரலுக்கு அதைச் சட்டென்று உடைத்து வெளியேற்றும் திறன் குறைவு, ஸ்பிரே ஈரம் காயாத தரையில் நடந்துவிட்டு வந்து பாதத்தை நக்கினாலே எச்சில் ஒழுகும், காது துடிக்கும், உடம்பு நடுங்கும், முற்றினால் வலிப்பு வரும். மீன் தொட்டி இருந்தால் இன்னும் மோசம், ஏர் பம்பு அறைக்காற்றையே தண்ணீருக்குள் இழுத்துவிடும். ஜெல்லும் விஷம்தான், ஆனால் அளவு சொற்பம், கீல் சந்திலும் சிங்க் அடியிலும் வைத்தால் நாக்கு எட்டாது.

பூனை, மீன், கூண்டுப் பறவை இருந்தால் ஜெல்தான். பிராணியே இல்லாத வீட்டுக்கு, அவசரத்துக்கு ஸ்பிரே சரி. இரண்டையும் ஒரே இடத்தில் போடாதீர்கள், ஸ்பிரே வாடை பட்ட ஜெல்லைக் கரப்பான் சீந்தாது.

பூனை மேல் பட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு வெதுவெதுப்பான நீரில் அலசிவிட்டு, டப்பாவோடு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.