அபாஸ்ட்ரஃபி எங்க வரணும்னு கேட்டு அடிக்கிற ஃப்ளெக்ஸ் கடை (4 ஸ்டார்)

எங்க ஸ்கூலுக்கு செப்டம்பர் 5 பேனர், அதோட ரூம் போர்டு எல்லாம் இங்கதான் அடிச்சோம். ரேட்டு மத்த கடைய விட கொஞ்சம் கூடத்தான், ஆனா டிசைன் பண்ற அக்கா நீங்க குடுத்த மேட்டரை கண்ண மூடிட்டு டைப் அடிக்கிற ஆள் இல்ல. டீச்சர்ஸ் டேன்னு எழுதி நீட்டினா "ஒரு டீச்சருக்கா சார், எல்லாருக்குமா"ன்னு கேக்குறாங்க. எல்லாருக்கும்னதும் எஸ்ஸுக்கு அப்புறம் அபாஸ்ட்ரஃபி, அதாவது மேல வர்ற அந்த சின்ன கொக்கி, வெச்சு டீச்சர்ஸ்' டேன்னு போட்டாங்க. பாய்ஸ்' டாய்லெட், பேரண்ட்ஸ்' மீட்டிங், லேடீஸ்' ஹாஸ்டல் எல்லாம் இதே கணக்குதான், பன்மையே எஸ்ஸுல முடிஞ்சிருச்சுன்னா இன்னொரு எஸ் தேவையில்ல.

ஆனா இதையே மனப்பாடம் பண்ணிட்டு நவம்பர் 14 பேனர்லயும் கடைசில போட்டு வெப்பாங்க பாருங்க, அங்கதான் நிறைய பேர் கவுர்றாங்க. சில்ட்ரன்னாலே பன்மை, அதுல எஸ்ஸே கிடையாது, அதனால முதல்ல அபாஸ்ட்ரஃபி அப்புறம் எஸ், சில்ட்ரன்'ஸ் டே. விமன்'ஸ், மென்'ஸும் அப்படியே. அக்கா இத சொல்லாமலே சரியா போட்டுட்டாங்க.

ஒரே இடத்துல நான் குறுக்க பேசினேன். அவங்க ரெடிமேட் டிசைன்ல மதர்ஸ்' டேன்னு பன்மையில இருந்துச்சு. அமெரிக்காவுல இந்த நாள கொண்டு வந்த அன்னா ஜார்விஸ், அவங்கவங்க அம்மாவுக்கான நாள் இது, ஒருமையில மதர்'ஸ் டேன்னுதான் எழுதணும்னு பிடிவாதமா நின்னவங்க. சொன்னேன், முகம் சுளிக்காம மாத்திட்டாங்க.

பக்கத்துல நின்ன ஒருத்தர் லண்டன் வாட்டர்ஸ்டோன்ஸ் புக் கடையே 2012ல பேர்லருந்து அபாஸ்ட்ரஃபிய தூக்கிருச்சு உங்களுக்கென்ன சார்னாரு. கடைக்கு என்ன பேர் வைக்கிறதுன்றது ஓனர் இஷ்டம், ஸ்கூல் சுவத்துல இருக்கறத பசங்க தினமும் படிக்கிறாங்கல்ல.

ஒரு ஸ்டார் கொறச்சது டெலிவரிக்கு, சொன்ன டைமுக்கு வரவே வராது. அப்புறம் அவங்ககிட்ட இருக்க சில ஸ்டைல் ஃபான்ட்ல அபாஸ்ட்ரஃபி வர்ற இடத்துல வெறும் கட்டம்தான் விழுது, அதனால ப்ரூஃப் வாட்சப்ல வந்தா நல்லா ஜூம் பண்ணி பாத்துட்டு ஓகே சொல்லுங்க, பிரிண்ட்டுக்கு போயிருச்சுன்னா மறுபடி முழு காசு.